கோடியக்கரையின் வெட்டவெளி

கோடியக்கரைக்கு முதன்முறை வருபவர்களில் பலர் முகம் வாடித்தான் திரும்புகிறார்கள். வேதாரண்யத்திலிருந்து தெற்கே பத்துக் கிலோமீட்டர் போல வந்து, வனத்துறைச் சாவடியில் சீட்டு வாங்கி, ராமர் பாதத்தில் ஏறி நின்று, கடலில் கால் நனைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடும் குடும்பங்களைக் கேட்டால் ஏறக்குறைய ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணுமே இல்லைங்க, பொட்டலாத்தான் கிடக்கு." அடர்காட்டைத் தேடி வந்தவர்களுக்குக் கிடைப்பது முள்ளும் குட்டை மரமும். விலங்கைத் தேடி வந்தவர்களுக்குத் தொலைவில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். பறவையைத் தேடி வந்தவர்களுக்குக் கானல் அலையும் சேறு.

அந்தப் பொட்டலை நம்பித்தான் வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து பறவைகள் வருகின்றன. புல்வெளி, சேற்றுவெளி, ஆழமில்லாத நீர்வெளி, மணல்வெளி என்று இங்கே இருப்பதெல்லாம் வெளிதான். மறைப்பு இல்லாத அந்த வெளியை ஒட்டியே இங்குள்ள உயிர்கள் தங்கள் கண்ணையும் காலையும் அலகையும் வளர்த்துக்கொண்டிருக்கின்றன. வெளியைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகு, தமிழ்நாட்டின் கடலோரத்தில் இதற்கு ஈடான இடம் எனக்கு வேறு தெரியவில்லை.

வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் பாதிக் கதை விளங்கிவிடும். வடக்கிலிருந்து ஏறக்குறைய நேராக இறங்கிவரும் சோழமண்டலக் கரை, கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்காள விரிகுடா, தெற்கே பாக் நீரிணை, அதற்கப்பால் 55 கிலோமீட்டர் அளவில் யாழ்ப்பாணக் குடாநாடு. கரையோரமாக மணலைச் சுமந்துவரும் நீரோட்டம் இந்த மடக்கில் வேகம் குறைந்து சுமையை இறக்கிவைக்கிறது. காவிரியின் கடைசிக் கிளைகள் கொண்டுவரும் வண்டலும் ஆழமற்ற நீரிணையின் ஓரத்தில் படிகிறது. இப்படிப் பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்ததில் வரிவரியாக மணல் மேடுகள் எழுந்தன. அவற்றுக்குப் பின்னால், முத்துப்பேட்டையின் அலையாத்திக் காட்டை நோக்கி மேற்கே நாற்பது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பெரிய வேதாரண்யம் சதுப்பு உருவானது. மணல் மேடுகள் ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கரையாக இருந்தவை. ராமர் பாதம் இருக்கும் இடம்தான் இங்கே உயரமானது என்று சொல்லிக்கொள்கிறார்கள். அதன் உயரமே கடல்மட்டத்திலிருந்து நாலு மீட்டர் அளவுதான்.

1967இல் வெளிமானைக் காப்பதற்காகச் சுமார் 17 சதுர கிலோமீட்டர் காடும் புல்வெளியும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. பறவை அறிஞர் சாலிம் அலி அதற்கு முன்பே இந்த இடத்தின் அருமையைக் கண்டு எடுத்துச் சொல்லியிருந்தார். 2002 ஆகஸ்டில் சதுப்பையும் தலைஞாயிறு காப்புக்காட்டையும் சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு ராம்சர் ஈரநிலமாகப் பட்டியலில் ஏறியது. தமிழ்நாட்டின் முதல் ராம்சர் தலம் இதுதான். இரண்டாவது கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராம்சர் குறிப்பு இங்கே பதிவான பறவையினங்கள் 257 என்றும், அவற்றில் 119 நீர்ப்பறவைகள் என்றும் சொல்கிறது.

சாவடியைத் தாண்டியதும் முதலில் வருவது காடு. காடு என்று சொல்லத் தயங்கும் அளவுக்கு மரங்கள் குட்டையானவை. பாலை, நாவல், உகாய், களா, காரை. உலர் பசுமைமாறாக் காடு எனப்படும் இந்த வகை ஒரு காலத்தில் சோழமண்டலக் கரை நெடுக இருந்தது. இப்போது கோயில் காடுகளாகவும் சிறு துண்டுகளாகவும் சிதறிக் கிடக்கிறது. மிஞ்சியதில் பெரிய துண்டுகளில் ஒன்று கோடியக்கரையில் இருக்கிறது. கோடையில் பாலைப்பழம் பழுத்துவிட்டால் மனிதரும் குரங்கும் நரியும் கொண்டைக்குருவியும் போட்டிபோட்டுத் தின்பார்கள். விதைகள் போய்ச் சேரும் வழியும் அதுதான்.

மூன்று பக்கம் உப்பு சூழ்ந்த முனையில், மழை பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தின் இரண்டு மூன்று மாதங்களில் மட்டும் கொட்டும் இடத்தில், இந்த மரங்கள் எப்படி ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கின்றன? விடை மணலுக்குள் இருக்கிறது. மேட்டில் பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. அதற்குக் கீழே கடலிலிருந்து ஊறிவந்த உப்புநீர் ஏற்கனவே நிற்கிறது. நன்னீரின் அடர்த்தி 1.000 என்றால் கடல்நீருடையது 1.025. இந்தச் சிறு வேறுபாடு போதும். நன்னீர், பாலின் மேல் ஏடு நிற்பதுபோல, உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் தேங்கினால் அதன் எடையைத் தாங்க மட்டத்துக்குக் கீழே நாற்பது மீட்டர் வரை நன்னீர் இறங்கும். நடைமுறையில் களிமண் அடுக்குகளும் கிணறுகளும் இந்தக் கணக்கைக் குறைத்துவிடுகின்றன. ஆனாலும் கோடியக்காட்டுக் கிணறுகளில் குடிக்கும்படி நீர் ஊறுவதும், பாலை மரம் பங்குனி வெயிலில் இலை உதிர்க்காமல் நிற்பதும் இந்த மிதக்கும் நீரால்தான். ஆழ்துளை போட்டு அளவுக்கு மேல் உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலே ஏறும். ஏறிய உப்பை இறக்கப் பல மழைக்காலங்கள் பிடிக்கும்.

காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரத்தில் வண்டியை நிறுத்தி நின்றால் வெளிமான் தெரியும். புள்ளிமானும் இங்கே உண்டு. இரண்டையும் ஒரே பார்வையில் காண்பது கோடியக்கரை தரும் நல்ல பாடங்களில் ஒன்று. புள்ளிமானின் கொம்பு கிளைவிட்டது, விழுந்து மறுபடி முளைப்பது. வெளிமானின் கொம்பு முறுக்கியது, ஆயுள் முழுக்க உதிராதது. இரண்டும் வேறு வேறு குடும்பம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் உறவானது வெளிமான். ஆண் வயது ஏற ஏறக் கறுக்கும். தென்னிந்தியாவில் வடக்கே உள்ள அளவுக்குக் கறுப்பதில்லை, அடர்பழுப்பில் நின்றுவிடும். இனச்சேர்க்கைக் காலத்தில் ஆண் புல்வெளியில் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்து, ஒரே இடத்தில் புழுக்கை போட்டுக் குவித்தும், கண்ணோரச் சுரப்பியைப் புல்லில் தேய்த்தும் எல்லை வகுக்கும். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து நடந்து காட்டும். இதையெல்லாம் பெண்மான் பார்க்க வேண்டுமானால் மறைப்பு இருக்கக் கூடாது.

தப்பிப் பிழைப்பதற்கும் வெளிமானுக்கு வெளிதான் வேண்டும். புள்ளிமான் ஆபத்தைக் கண்டால் புதருக்குள் பாயும். வெளிமான் புதரை விட்டு விலகி ஓடும். எதிரியைத் தொலைவிலேயே கண்டுவிடுவதும், கண்டபின் மணிக்கு 80 கிலோமீட்டர் வரை எட்டும் வேகமுமே அதன் இரண்டு காவல்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து விரட்டிய சிவிங்கிப்புலி இந்தியாவில் அற்றுப்போய் முக்கால் நூற்றாண்டு ஆகிறது. கோடியக்கரையில் இன்று குட்டிகளைத் தூக்குவது நரியும், ஊருக்குள்ளிருந்து வரும் நாய்களும்தான். பிறந்த குட்டி முதல் சில நாட்கள் தாயோடு ஓடாது, புல்லில் அசையாமல் படுத்துக் கிடக்கும். படம் எடுக்க வண்டியை விட்டு இறங்கி புல்லுக்குள் நடப்பவர் அதை மிதிக்காமல் போனாலும், தாயை அந்த இடத்திலிருந்து விரட்டிவிடுகிறார்.

இந்தப் புல்வெளியை மூடிவருவது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்துச் செடி, விறகுக்கென்று 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தது. அதன் காய் இனிப்பானது. கோடியக்கரையில் சுற்றித் திரியும் மட்டக்குதிரைகள் அதை விரும்பித் தின்கின்றன. விதை சாணத்தோடு புல்வெளியின் நடுவில் விழுந்து முளைக்கிறது. முன்பு வளர்த்துக் கைவிடப்பட்ட குதிரைகளின் வழிவந்தவை இவை. பிடரி காற்றில் அலைய ஓடும் அழகைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. ஆனால் இவை மேய்வது வெளிமானின் புல்லை. நடுவது வெளிமானுக்குப் பகையான முள்ளை. புதர் கூடக்கூடப் புள்ளிமானுக்குப் பெரிய நட்டமில்லை, வெளிமானுக்கு இடம் சுருங்குகிறது. 2018 நவம்பர் 16 விடியலுக்கு முன் கஜா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரை ஏறியபோது ஓங்கி வளர்ந்த மரங்கள் சாய்ந்தன, கடல்நீர் உள்ளே புகுந்தது, மான்களின் உடல்கள் கரையில் ஒதுங்கின. புயலுக்குப் பின் வந்தவர்கள் நல்ல மனதோடு கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு மரம் நடலாம்?" என்பது. காட்டுப் பகுதியில் பாலை நடுவது சரி. புல்வெளியில் எந்த மரத்தை நட்டாலும் அது வெளிமானின் வீட்டுக்குள் சுவர் எழுப்புவதுதான். வனத்துறை ஆண்டுதோறும் சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குவதைப் பார்த்து "மரத்தை வெட்டுகிறார்களே" என்று மனம் நோகிறவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது.

புல்வெளியைத் தாண்டினால் சேறு. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு வருபவர்கள் பூங்குழலியையும் புதைசேற்றையும் கொள்ளிவாய்ப் பேய்களையும் தேடிக் கண்ணை ஓட்டுவார்கள். புதைசேறு உண்மையே. ஆளை முழுசாக விழுங்கும் என்பது மட்டும் உண்மையில்லை. 2005இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து டேனியல் பான் குழுவினர் மணல், களிமண், உப்புநீர் மூன்றையும் கலந்து சோதித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். உப்பு, களித்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து உள்ளே வெற்றிடம் நிறைந்த ஒரு தளர்ந்த கட்டமைப்பை உண்டாக்குகிறது. மேலே நடக்கும்போது அந்தக் கட்டு குலைந்து சேறு நீராகிவிடுகிறது. குலைந்தபின் மணல் அடியில் இறுகிப் படிகிறது, காலைப் பிடித்துக்கொள்வது அந்த இறுகிய படிவுதான். மனித உடலின் அடர்த்தி இந்தச் சேற்றின் அடர்த்தியில் ஏறக்குறையப் பாதி, ஆகவே இடுப்புக்கு மேல் அமிழ வழியில்லை. அப்படி மாட்டிக்கொண்டவர் திமிறாமல் காலை மெல்ல ஆட்டி நீரை உள்ளே விட்டால் வெளியே வரலாம். ஆனால் இடுப்பளவு சேற்றில் நிற்பவருக்கு ஏறும் நீரும் உச்சி வெயிலும் பெரிய ஆபத்து. ஊர்க்காரரோ வனத்துறை ஆளோ உடன் வராமல் சதுப்பில் இறங்காதிருப்பதே அறிவு.

சதுப்பின் ஓரத்தில் நின்றால் முதலில் அடிப்பது அழுகிய முட்டை வாடை. சாக்கடை கலந்துவிட்டதோ என்று மூக்கைப் பொத்துகிறார்கள். நலமாக இருக்கும் உவர்ச் சேற்றின் வாடையே அதுதான். மேல்தோலுக்குக் கீழே சில மில்லிமீட்டரிலேயே சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் கடல்நீரில் தாராளமாக உள்ள சல்பேட்டைக் கொண்டு மூச்சுவிடுகின்றன. அதன் கழிவு ஹைட்ரஜன் சல்பைடு. அது சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்தால் சேறு கறுக்கும். குச்சியால் கிளறினால் மேலே சாம்பலும் கீழே மையுமாக இரண்டு நிறம் தெரியும். நன்னீர்ச் சதுப்பில் ஊறிவரும் எரிவாயுவான மீத்தேன் இங்கே அந்த அளவுக்கு உண்டாவதில்லை. சல்பேட் நுண்ணுயிர்கள் இரையை முந்திக்கொண்டு முடித்துவிடுவதே காரணம். மேல்தோலிலோ வெயிலை உண்ணும் நுண்பாசிகள் விரித்த பாய். அதை மேயும் சிறு இறால்களும் நத்தைகளும் புழுக்களும் பூச்சிப் புழுக்களும் கைப்பிடிச் சேற்றில் எத்தனையோ. கண்ணுக்கு எதுவுமில்லாத இந்தப் பரப்பில் உணவு அவ்வளவு செறிந்து கிடக்கிறது.

அதை எடுக்கும் விதத்தில்தான் பறவைகள் வேறுபடுகின்றன. உப்புக்கொத்தி நான்கு எட்டு ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண், குட்டை அலகு. உள்ளான்கள் அப்படியில்லை. தையல் இயந்திர ஊசியின் வேகத்தில் அலகைச் சேற்றில் இறக்கி ஏற்றிக்கொண்டே நகரும். அவற்றின் அலகு நுனி எலும்பில் நுண்ணிய குழிகள் உண்டு. அழுத்தத்தையும் அதிர்வையும் உணரும் நரம்புகள் அவற்றுள் இருக்கின்றன. புழுவைத் தொடுவதற்கு முன்பே அது இருக்கும் திசை தெரிந்துவிடும். இருட்டிலும் இரை தேட முடிவது இதனால்தான். கொசு உள்ளானின் அலகு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. கர்லூ எனப்படும் பெரிய பறவையின் வளைந்த அலகு பன்னிரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும். ஒரே சேற்றில் அடுத்தடுத்து நின்று ஒன்றின் இரையை மற்றது தொடாமல் உண்ண முடிகிறது.

இந்தக் கடற்கரையில் அலை ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே எந்தச் சேறு எப்போது திறக்கும் என்பதைப் பெரும்பாலும் காற்றும் மழையும் முடிவு செய்கின்றன. காற்று நீரை ஒருபக்கம் ஒதுக்கினால் மறுபக்கம் புதுச் சேறு திறக்கும், பறவைக்கூட்டம் அங்கே பெயரும். நேற்று இருந்த இடத்தில் இன்று ஒரு பறவையும் இல்லை என்று சலித்துக்கொள்பவர் காற்றின் திசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இதை மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் யாரும் கேட்காமலே சொல்வார்கள். 1930 ஏப்ரல் 30 அன்று ராஜாஜி உப்பு எடுத்த அகஸ்தியம்பள்ளி இந்தச் சதுப்பின் ஓரத்தில்தான் இருக்கிறது. இன்றும் உப்பளப் பாத்திகள் பறவைகளுக்கு ஓரளவு இடம் தருகின்றன. உவர்ப்பு மிதமாக இருக்கும் பாத்திகளில் இரை உண்டு, உப்பு பூத்துவிட்ட பாத்தியில் ஒன்றும் இல்லை.

வளைமூக்கு உள்ளான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை அறுபது கிராம் அளவு. முட்டையிடுவது சைபீரியாவின் வடகோடியில், டைமிர் தீபகற்பத்தை ஒட்டிய பனிவெளிகளில். அங்கிருந்து கோடியக்கரை நேர்க்கோட்டில் 7,000 கிலோமீட்டர். முதலில் ஆண்கள் கிளம்பும், பிறகு பெண்கள். இரண்டு மாதக் குஞ்சுகள் கடைசியில், பெற்றோர் யாரும் உடன் இல்லாமல், பார்த்தே இராத ஒரு கரையைத் தேடி வருகின்றன. தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் இந்தப் பறவையின் இளங்குஞ்சுகளைக் கணக்கெடுத்தவர்கள் ஒரு விந்தையைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் குஞ்சுகள் ஏராளம், சில ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லை. காரணம் சைபீரியாவில் லெமிங் என்னும் எலியினம். அது பெருகிய ஆண்டில் பனிநரி அதைத் தின்று பறவைக் கூட்டை விட்டுவிடும். லெமிங் குறைந்த ஆண்டில் முட்டையும் குஞ்சும் நரியின் இரையாகிவிடும். துருவத்து எலியின் பெருக்கம் வெப்பமண்டலக் கரையில் எண்ணிக்கையாக வந்து நிற்கிறது.

கோடியக்கரையில் இந்தக் கணக்கையெல்லாம் வளையம் கட்டித்தான் அறிந்தார்கள். 1957இல் கர்நாடகத்தில் கியாசனூர் காட்டுக் காய்ச்சல் வெளிப்பட்டபோது, அதன் வைரஸ் வலசைப் பறவைகளின் உண்ணிகள் மூலம் வந்திருக்குமோ என்ற ஐயம் எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கமும் பறவைகளைப் பிடித்து வளையமிடத் தொடங்கினார்கள். பீகாரின் பறவை பிடிக்கும் மரபினரான மிர்ஷிகார்களின் கைத்திறமை இதில் பெரிதும் உதவியது. கோடியக்கரை அந்தப் பணியின் முக்கிய நிலையம் ஆனது. பின்னாளில் எஸ். பாலச்சந்திரன் பல பத்தாண்டுகள் இங்கே இந்த ஆய்வை நடத்தினார். அந்தத் தொடர் பதிவு இல்லாவிட்டால் இங்கே கரையோரப் பறவைகள் குறைந்துவருவது வெறும் கிழவர்களின் நினைவாக மட்டும் நின்றிருக்கும். 2024இல் பன்னாட்டுச் செம்பட்டியல் வளைமூக்கு உள்ளானை அழிவாய்ப்புள்ள இனமாக ஏற்றியது.

சித்திரை நெருங்கும்போது பறவை திரும்பிப் போகத் தயாராகும். அதற்குள் உடம்பில் கொழுப்பு சேர வேண்டும். நெடும்பயணம் போகும் கரையோரப் பறவைகளில் சில தம் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்கின்றன. பறக்கும்போது ஆகும் ஆற்றல் செலவு ஓய்வில் இருப்பதைப்போலச் சுமார் பத்து மடங்கு. நாம் கூட்டத்தை ஒருமுறை எழுப்பினால் இரண்டு நட்டம்: பறந்த செலவு, அந்த நேரத்தில் தின்னாமல் விட்டது. ஒருமுறை பெரிதில்லை. விடுமுறை நாளில் காலையிலிருந்து மாலை வரை இருபது குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எழுப்பினால், எழுப்பிய ஒவ்வொருவருக்கும் தாம் செய்தது சிறிது என்றே தோன்றும். பறவைக்கு அது மொத்தமாக ஒரு நாள் உணவு. கொழுப்பு குறைந்து கிளம்பிய பறவை விழும் இடம் நம் கண்ணுக்குத் தெரியாது.

பூநாரைக்கு இது இன்னும் கடினம். அது நின்ற இடத்திலிருந்து எழும்பாது. நீரின்மேல் ஓடி வேகம் எடுத்துத்தான் மேலேற முடியும். மார்கழி, தை மாதங்களில் சதுப்பின் நடுவே இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும் கூட்டத்தைக் கண்டவர்கள் இன்னும் அருகே போக ஆசைப்படுவது இயல்பு. கோடாகத் தெரியும் அந்தத் தொலைவுதான் அவை நமக்கு விதித்த தொலைவு. தொலைநோக்கியில் பாருங்கள்: தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வரும்படி நீருக்குள் வைத்து, தடித்த நாக்கை உந்துதண்டாக அசைத்து நீரை உள்ளிழுத்து வெளித்தள்ளுகிறது. அலகின் ஓரச் சீப்பில் நுண்பாசியும் சிற்றிறாலும் தங்கிவிடுகின்றன. சிறகின் சிவப்பு அந்த இரையில் உள்ள கரோட்டினாய்டு நிறமி. உவர்ப்பு கூடினாலும் குறைந்தாலும் இரை மாறும், இரை மாறினால் பூநாரை இடம் மாறும். மன்னார், யாழ்ப்பாணக் களப்புகளிலும் பூநாரை உண்டு. இந்த நீரிணை அவற்றுக்கு எல்லைக்கோடு இல்லை.

ஒரு பறவை எந்தத் தொலைவில் நாம் வரும்போது எழும்பும் என்பதைச் சூழலியலாளர்கள் அளக்கிறார்கள். இனத்துக்கு இனம், இடத்துக்கு இடம் அது மாறும். வேட்டை நடந்த இடத்தில் கூடும், பெரிய கூட்டத்தில் கூடும். கோடியக்கரையில் முன்பு பறவைகளைக் கறிக்காகப் பிடித்தார்கள், அந்த அச்சம் இன்னும் முழுக்கத் தேயவில்லை. வெட்டவெளியில் நம் உருவம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே தெரியும், ஆகவே பச்சை உடுப்பு போட்டுக்கொண்டால் மறைந்துவிடலாம் என்பது நடக்காது. பயன் தருவது நடக்கும் விதம். நேராகப் பறவையை நோக்கிப் போகாமல் பக்கவாட்டில் சாய்ந்து நடந்தால் அது நம்மைத் துரத்துபவராக எண்ணுவதில்லை. நின்ற பறவைகள் தலையை உயர்த்தி, இரை தேடுவதை நிறுத்தி, ஒரே பக்கமாகத் திரும்பினால் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அந்த நொடியிலேயே நின்றுவிட்டால் மறுபடி குனிந்து மேயத் தொடங்கும். வண்டிக்குள் இருப்பவரை அவை நடப்பவரைவிட அருகே விடுகின்றன. சாலையோரம் வண்டியை நிறுத்தி, இறங்காமல் அரைமணி நேரம் உட்கார்ந்தால் கிடைக்கும் காட்சி, சேற்றில் துரத்தி நடந்தால் ஒருநாளும் கிடைக்காது. டிரோனை மேலே விடுபவர்களைப் பற்றி என்ன சொல்ல? வல்லூறு வந்ததாகவே கூட்டம் முழுதும் எழும்பும். அதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. வழியில் குரங்குகளுக்குப் பிஸ்கட் வீசுவதும் விளையாட்டு இல்லை. காட்டுக்குள் பழம் தின்று விதை பரப்ப வேண்டிய குரங்கு சாலையில் உட்கார்ந்து வண்டியில் அடிபடுகிறது.

இன்னொரு வெளி இருக்கிறது, அதைப் பகலில் வருபவர்கள் பார்ப்பதில்லை. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்று கரையோரத்தில் அழைக்கப்படும் சிற்றாமை இரவில் கரையேறி மணலைத் தோண்டி நூறு முட்டை போல இட்டுவிட்டுப் போகும். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் பொரியும். முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸை ஒட்டிய ஒரு எல்லைக்கு மேல் பெரும்பாலும் பெண், கீழே ஆண். மணலில் நிழல் விழுந்தால் அந்தக் கணக்கு மாறும். 2004 சுனாமிக்குப் பிறகு கரையோரம் நெடுகச் சவுக்கு நட்டார்கள். நாகப்பட்டினம் கரையில் சவுக்கு மணல்மேட்டின் முகப்புவரை வந்த இடங்களில் ஆமைக்கு முட்டையிடும் மணல் குறைந்துபோனதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். இங்கேயும் அதே கதைதான், மரத்தை நட்டு வெளியை இழந்தோம். பொரித்த குஞ்சு வெளிச்சமான அடிவானத்தை நோக்கித் தவழும். விளக்கில்லாத கரையில் அது கடல். விளக்கெரியும் கரையில் அது ஊர். வனத்துறை முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் காத்து விடுகிறது. ஆமையைப் பார்க்க விரும்புபவர் அவர்களோடு போவதே நல்லது, கைபேசி விளக்கை அணைத்துவிட்டு.

புரட்டாசி, ஐப்பசியில் வந்தால் கரையோரப் பறவைகளின் வரவு. கார்த்திகையில் மழைக்குப் பாதை மூடிக் கிடக்கலாம். மார்கழி முதல் மாசி வரை கூட்டம் நிறைந்திருக்கும். பங்குனி, சித்திரையில் உள்ளான்களின் மார்பு செங்கல் நிறமாக மாறிவருவதைக் காணலாம், துருவத்துக்கான உடுப்பு அது. கோடையில் எல்லாம் போய்விடும் என்று நினைக்க வேண்டாம், முதல் ஆண்டுப் பறவைகளில் பல பயணம் போகாமல் இங்கேயே தங்கிவிடும். திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிவரை 2023 ஏப்ரலில் ரயில் பாதை மறுபடி திறந்திருக்கிறது. அங்கிருந்து பேருந்தோ ஆட்டோவோ பிடித்தால் போதும்.

போகும்போது ஒரு தொலைநோக்கியும் சிறு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். சில பறவைகளின் காலில் வளையத்தோடு வண்ணக்கொடி போன்ற சிறு பிளாஸ்டிக் துண்டும், அதில் எழுத்தும் எண்ணும் இருக்கும். கொடியின் நிறம், அது எந்தக் காலில், முட்டிக்கு மேலா கீழா, அதில் என்ன எழுத்து, என்ன தேதி, எந்த இடம் என்று குறித்து, முடிந்தால் ஒரு படத்தோடு பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எழுத்து தெரியாத மங்கலான படமாக இருந்தாலும் பரவாயில்லை. நிறமும் காலும் தெரிந்தாலே அந்தக் கொடி பெரும்பாலும் எந்த நாட்டில் கட்டப்பட்டது என்று சொல்லிவிடுவார்கள்.